காரைக்குடியில் சுமார்

அந்தச் சிலந்திவலையை மூடிவிடாதீர்கள், தம்பி. அடுத்தவர் போனை எட்டிப் பார்த்தது தப்புதான். ஆனால் புள்ளி புள்ளியாக, புள்ளிக்குப் புள்ளி கோடு இழுத்து அப்படி ஒரு படம் தெரிந்தால் என் கண் சும்மா இருக்காது. குறிப்பு எழுதும் செயலிதானே? ஒரு குறிப்பை இன்னொரு குறிப்போடு கோத்துவிடுகிற வகை? எனக்கு நன்றாகவே தெரியும். காசு கட்டியதா, சும்மா கிடைப்பதா?

காசு கட்டியது. நினைத்தேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். காசு கட்டியவர்கள் முகத்தில் ஒரு களை இருக்கும். கோயிலில் சிறப்பு தரிசனச் சீட்டு வாங்கியவன், கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிற தர்ம தரிசனக்காரனை ஒரு பார்வை பார்ப்பானே, அந்தக் களை. சாமி என்னவோ ஒன்றுதான். அதுவும் பேசாத சாமி. நான் இரண்டு வரிசையிலும் நின்று பார்த்துவிட்டேன். அதனால்தான் சொல்கிறேன்.

உங்களை எழுப்பிவிட்டு உங்கள் இடத்தில் போய் உட்கார்ந்தாளே, ஊதாச் சேலை, அவள் என் மனைவி. மங்கையர்க்கரசி. திருச்சியில் பஸ் ஏறும்போது பக்கத்து பக்கத்து சீட்டாகத்தான் பதிவு செய்திருந்தேன். ஏறியதும் உங்களிடம் வந்து, "தம்பி, நீங்க அங்க மாறிக்கிறீங்களா, நான் இந்தம்மா பக்கத்துல உக்காந்துக்கிறேன், பின்னாடி உக்காந்தா எனக்கு வாந்தி வரும்" என்றாளே. இரண்டு வரிசைதான் பின்னால். அதற்குள் வாந்தி. சரி, வருமாக்கும். கேட்டால் "சரி"தான் பதில். இப்போதெல்லாம் எல்லாவற்றுக்கும் அவளுக்கு "சரி"தான்.

நான் சீராளன். பட்டிமன்றப் பேச்சாளர். பார்த்த முகமாக இருக்கிறதா? இல்லையா? பரவாயில்லை. உங்கள் வயசுக்காரர்கள் அரை நிமிடத்துக்கு மேல் எதையும் பார்ப்பதில்லை. நாங்கள் அரை நிமிடத்தில் அவையடக்கம்கூடச் சொல்லி முடிக்க மாட்டோம்.

நான் பேசுகிற தமிழைக் கேட்டுச் சிரிக்கிறீர்கள். மேடைத் தமிழ் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. வீட்டிலும் இப்படித்தான். "இவரு சாம்பார் கேக்கணும்னாக்கூட 'நடுவர் அவர்களே'ன்னுதான் ஆரம்பிப்பாரு, சாம்பார் வர்றதுக்குள்ள மணி அடிச்சிரும்." இது என் நகைச்சுவை. மன்னார்குடியில் இதற்குக் கைதட்டல் ஓய நேரமாயிற்று. வாயைத் திறந்து சொன்னது அவள்தான். ஆனால் அடுப்படியில் சொன்னது அடுப்படியோடு போயிருக்கும். அதை எடுத்து, சீவி, எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும் என்று பார்த்து மேடையேற்றியது யார்? கல் மலையில் கிடக்கிறது. சிலைக்குப் பெயர் மலையின் பெயரா?

எங்கள் தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான், தம்பி. ஓர் ஊரில் சொன்ன நகைச்சுவையை அதே ஊரில் திரும்பச் சொல்லக் கூடாது. ஊரார் குறளை மறப்பார்கள். கம்பனை மறப்பார்கள். போன திருவிழாவுக்குச் சொன்ன மாமியார் ஜோக்கை மறக்கவே மாட்டார்கள். அவர்களுக்கு அது போதும், அவ்வளவுதான் அவர்கள் அறிவு. அவர்களுக்காகத்தான் நாங்கள் ஊர் ஊராகத் தொண்டை வற்றுகிறோம். அதனால் எந்த ஊரில் எதைச் சொன்னோம் என்று குறித்துவைக்க வேண்டும். பழைய ஆட்கள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். நான் டைரியில் எழுதினேன். அப்புறம்தான் எங்கள் குழுவில் கோவர்த்தனன் வந்து சேர்ந்தான்.

பேராசிரியர் கோவர்த்தனன். என்னைவிட வயதில் சின்னவன். எதிரணியில் கடைசியாகப் பேசுவான். அவன் ஒருநாள் வேனில் போகும்போது போனை நீட்டினான். "அண்ணே, இதப் பாருங்க. என் மூளை." புள்ளியும் கோடுமாக ஒரு வலை. வருஷ சந்தா டாலரில். "ஒரு ஊர் பேரைத் தட்டுனா, அங்க என்னென்ன பேசியிருக்கேன்னு எல்லாம் வந்துரும்ணே. அதுவே யோசிச்சு, இதையும் அதையும் சேத்துப் பேசலாமேன்னு சொல்லும்." அவன் மூளை அவன் தலையில் இல்லை என்பது எனக்கு முன்பே தெரியும். டாலரில் வாடகைக்கு எடுத்திருக்கிறான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் சும்மா கிடைப்பதை எடுத்தேன். கஞ்சத்தனம் இல்லை, தம்பி. கொள்கை. சும்மா கிடைப்பதில் குறிப்பெல்லாம் என் கணினியிலேயே இருக்கும். கடல் தாண்டி எவனோ வைத்திருக்கிற அலமாரியில் என் சரக்கை வைத்துவிட்டு, வருஷா வருஷம் அவனிடமே போய்ச் சாவி வாங்குவேனா? சந்தா கட்டாவிட்டால் என் நகைச்சுவை எனக்கே கிடைக்காதா? நான் யோசிக்காமல் எதையும் செய்கிறவன் இல்லை. படுத்தால் யோசனைதான். இரண்டு அணியாகப் பிரிந்து மனசுக்குள் பேசுவேன். ஓசியே உயர்ந்தது என்று ஒருவன், காசே காக்கும் என்று ஒருவன். நடுவரும் நானே. தீர்ப்பு சொல்வதற்குள் விடிந்துவிடும். அந்த முறை ஓசி வென்றது.

அப்புறம் மழைக்காலம் முழுக்க அதே வேலை. ஒரு நகைச்சுவைக்கு ஒரு குறிப்பு. அதிலிருந்து கோடு ஊருக்குப் போகும், தலைப்புக்குப் போகும், ஆளுக்குப் போகும். ஆள் என்றால் நகைச்சுவையில் வருகிற ஆள். மாமியார், மருமகன், வாத்தியார், மனைவி. பக்கத்திலேயே மதிப்பெண்ணும் போட்டுவிடுவேன். "தேவகோட்டை, நல்ல கைதட்டல்." "துறையூர், மைக் சரியில்லை." பழைய டைரியையெல்லாம் பார்த்துப் பார்த்து ஏற்றினேன். மங்கை காபி கொண்டுவந்து வைத்துவிட்டு நிற்பாள். "என்ன, வீட்டுக்குள்ளேயே ரயில் பாதை போடுறீங்களா?" என்பாள். அதையும் ஏற்றினேன்.

முடித்த அன்றைக்கு ஒரு பெருமை. யாரிடமாவது காட்ட வேண்டாமா? ஹால் டிவியில் இணைத்துப் பெரிதாகப் போட்டேன். "மங்கை, இங்க வா." புடவையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். திரை முழுக்க வலை. எந்தக் குறிப்புக்குக் கோடு அதிகமோ அந்தப் புள்ளி பெரிதாகத் தெரியும், உங்களுக்குத் தெரிந்திருக்குமே. நடுவில் ஒன்று, ஆலங்காய்க் கூட்டத்தில் பூசணிக்காய் மாதிரி.

"நடுவுல குண்டா இருக்கே, அது யாரு?" என்றாள்.

"நீதான்."

சிரித்தாள். அன்றைக்குச் சிரித்தாள், எனக்கு நினைவிருக்கிறது. "அம்புட்டுக் கோடா எனக்கு? என்னதான் எழுதியிருக்கீங்க, தொறங்க" என்றாள். நானும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். சாம்பார். ரயில் பாதை. கரண்ட்டு. "கரண்டு போனாத்தான் நாம ரெண்டு பேரும் ஒண்ணா வாசலுக்கு வர்றோம், எதிர்வீட்டுலயும் போயிருச்சான்னு பாக்க." அது எனக்கு ஊர் ஊராகச் சோறு போட்ட நகைச்சுவை. ஒவ்வொன்றையும் படித்துவிட்டு, "ஆமா, சொன்னேன்", "ஆமா, சொன்னேன்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ஆஸ்பத்திரிக் குறிப்பு வந்தது.

அதையும் உங்களுக்குச் சொல்கிறேன், எனக்குப் பேர் வாங்கித் தந்த குறிப்பு அதுதான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டியதாயிற்று. மயக்கம் தெளிந்து அறைக்குக் கொண்டுவந்தார்கள். அறையில் நானும் அவளும்தான். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தோள் குலுங்குகிற மாதிரி இருந்தது. மேடையில் நான் வார்த்தைக்கு நின்றதே கிடையாது, அங்கே நின்றேன். அவளாகத்தான் திரும்பினாள். "யாருமே குடிவராத வீட்டைக் காலி பண்ணியாச்சுங்க. வெள்ளையடிக்கணும்னு அட்வான்ஸைப் பிடிச்சுக்காதீங்க" என்றாள்.

எப்படி இருக்கிறது? சிரிப்பும் அழுகையும் ஒரே வாக்கியத்தில். அதை நான் அந்த மாதமே தேவகோட்டையில் சொன்னேன். முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். நடுவர் ஐயா மேடையிலேயே என் தோளைத் தட்டினார். பெண்ணின் மனத்திண்மை என்ற தலைப்பில் அதை வைத்தேன், பாருங்கள். கொச்சையாக ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் குறிப்பை மங்கை நின்றுகொண்டே படித்தாள். மற்றவற்றைவிட அதிக நேரம் படித்தாள். "ஆமா, சொன்னேன்" என்று சொல்லவில்லை. குறிப்புக்குக் கீழே ஊர்கள் வரிசையாக இருந்தன. தேவகோட்டை, நல்ல கைதட்டல். பட்டுக்கோட்டை, மிக நன்று. காரைக்குடி, சுமார். கடைசிவரை படித்தாள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"காரைக்குடியில ஏன் சுமாரு?"

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, தம்பி? இத்தனை வருஷத்தில் என் தொழிலைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. உட்கார வைத்து விளக்கினேன். காரைக்குடிக் கூட்டத்துக்கு நிதானம் போதாது என்றேன். அன்றைக்குப் பக்கத்தில் கச்சேரி வேறு என்றேன். "வெள்ளையடிக்கணும்" என்பதற்கு முன்னால் நான் இன்னும் கொஞ்சம் நிறுத்தியிருக்க வேண்டும் என்றேன். பொறுமையாகக் கேட்டாள். "சரி" என்றாள். போய் அடுப்பை அணைத்தாள்.

அதோடு சரி.

சண்டை இல்லை. சமையல் குறையில்லை. சட்டை தேய்த்து வைத்திருக்கும். "சாப்பிடுங்க." "சரி." "ம்." "வெந்நி வச்சிருக்கேன்." எல்லாம் பரீட்சைக்கு எழுதுகிற மாதிரி ஒரு வரி விடை. கரண்ட் போனால் நான் மட்டும் வாசலுக்குப் போகிறேன். அவள் எழுந்து வருவதில்லை. வயதாகிறது, மூட்டுவலி இருக்கும் என்று தைலம் வாங்கி வைத்தேன். "சரி" என்றாள். தைலம் அப்படியே இருக்கிறது.

இதில் எனக்கு என்ன நஷ்டம் என்று கேளுங்கள். புதுக் குறிப்பு ஒன்றுகூடச் சேரவில்லை. மழைக்காலத்தில் ஏற்றியதுதான். அப்புறம் பனி வந்தது, வெயில் வந்தது, வலை அப்படியே நின்றது. நான் யோசித்தேன். எங்கே தப்பு? கோடு போட்ட முறை தப்பா? ஊரைத் தனியாகவும் தலைப்பைத் தனியாகவும் பிரித்திருக்க வேண்டுமோ? எல்லாவற்றையும் கலைத்து மறுபடி கோத்தேன். அப்போதும் நடுவில் அதே பூசணிக்காய். ஒருவேளை செயலியே தப்போ? ஓசிதானே, அதற்கு இவ்வளவுதான் வரும் என்று தோன்றியது.

தோன்றியது சரி என்பது பெரம்பலூரில் உறுதியாயிற்று. கரண்ட் நகைச்சுவையை ஆரம்பித்தேன். போனில் பார்த்துவிட்டுத்தான் மேடையேறினேன், பெரம்பலூருக்கு அதிலிருந்து கோடே இல்லை. "கரண்டு போனாத்தான் நாம ரெண்டு பேரும் ஒண்ணா வாசலுக்கு வர்றோம்" என்று சொல்லி, நிறுத்தி, மூச்சு விட்டேன். முன்வரிசையில் ஓர் அம்மாள், வாயில் வெற்றிலையோடு, "எதிர்வீட்டுலயும் போயிருச்சான்னு பாக்க!" என்று முடித்துவைத்தாள். பந்தல் அதிரச் சிரிப்பு. எனக்கு இல்லை, அந்த அம்மாளுக்கு. போன வருஷம் அதே பந்தலில் நான் சொன்னதாம். அதைக் கணினியில் குறித்திருந்தேன். போனில் இருந்தது அதற்கு முன்னால் நானே கையால் ஏற்றிய பழைய நகல். ஓசியில் கணினிக் குறிப்பு தானாகப் போனுக்கு வராது. அதற்குக் காசு. கம்பிக்கு அந்தப் பக்கம்.

வேனில் நடுவர் ஐயா என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னார். "சீராளா, பொங்கல் ஒளிபரப்புக்கு நம்மளக் கூப்பிட்டிருக்காங்க. புதுசா எதாச்சும் இருந்தா கடைசிப் பேச்சாளரா நீ நில்லு. இல்லைன்னா உன் எடத்துல வேற ஆளைப் பாத்துக்கிறேன். சங்கடப்படாதே." இதில் சங்கடப்படாமல் என்ன செய்வது? இருபது வருஷத்துக்கு மேல் அவருக்குப் பக்கத்து நாற்காலி. கோவர்த்தனன் பின்னாலிருந்து, "அண்ணே, பேசாம அண்ணியை மேடையேத்திருங்க. நாமெல்லாம் வீட்டைப் பாத்துக்கலாம்" என்றான். வேன் முழுக்கச் சிரிப்பு. டாலர் மூளைக்கு அந்த அளவு கிண்டல்தான் வரும்.

ஆனாலும் மறுநாளே நான் காசு கட்டினேன். அவன் வைத்திருக்கிற அதே செயலி. அவமானம்தான். குறிப்பையெல்லாம் அதற்கு மாற்றினேன். தமிழிலேயே பேசும், கேட்டதற்குப் பதில் சொல்லும் என்றான். கேட்டேன். "என் குறிப்புகளைப் படித்துப் புதிய நகைச்சுவைக்கு வழி சொல்." கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம் என்ன சொன்னது தெரியுமா? "இந்தக் குறிப்புகளில் பெரும்பாலானவை மங்கை என்ற ஒருவர் கூறியவை. புதிய நகைச்சுவைக்கு அவருடன் உரையாடிப் பார்க்கலாம். ஆசிரியர் என்ற இடத்தில் அவர் பெயரைச் சேர்க்கட்டுமா?"

இதற்குத்தான் டாலரா? எனக்குத் தெரியாததை எதையாவது சொல்லும் என்று காசு கட்டினால், என் வீட்டு அடுப்படிக்கு எனக்கே வழி காட்டுகிறது! ஆசிரியராம். அதற்கு மேடை தெரியுமா? மூச்சு தெரியுமா? ஆக, தம்பி, ஓசியில் இருப்பதை மறைக்கும், காசில் தெரிந்ததையே சொல்லும். இரண்டும் குப்பை. இதுதான் என் தீர்ப்பு. நீங்கள் உங்கள் சந்தாவை யோசித்துக்கொள்ளுங்கள்.

இருந்தாலும் ஓர் இரவு யோசித்தேன். உரையாடிப் பார்க்கலாம் என்கிறதே, பார்த்தால்தான் என்ன? அடுப்படியில் போய் நின்றேன். "மங்கை, எதாவது பேசேன்" என்றேன். "என்ன பேசணும்?" என்றாள். "எப்பவும் பேசுவியே, அது மாதிரி." என்னைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த போனைத்தான் பார்த்தாள். "பால் பொங்குது, தள்ளுங்க" என்றாள்.

நாளைக்குச் சென்னையில் ஒளிப்பதிவு. தலைப்பு, குடும்பத்தின் கலகலப்புக்குக் காரணம் கணவனா, மனைவியா? நான் கணவன் அணி. கையில் புதுச் சரக்கு ஒன்றும் இல்லை. அவளுடைய அக்கா வீடு தாம்பரத்தில் இருக்கிறது, நீயும் வா என்று கூட்டிக்கொண்டு வந்தேன். பகல் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்தால் ஏதாவது ஒன்று வாயிலிருந்து விழாதா என்று ஒரு நப்பாசை. வழியில் எவ்வளவோ இருக்கிறது. டோல்கேட் இருக்கிறது, கண்டக்டர் இருக்கிறார், முன்னால் ஓடுகிற படம் இருக்கிறது. பழைய மங்கையாக இருந்தால் சமயபுரம் தாண்டுவதற்குள் மூன்று விழுந்திருக்கும். அவள் எழுந்து போய்விட்டாள், நீங்கள் வந்து உட்கார்ந்தீர்கள். நீங்கள் நல்லவர்தான். ஆனால் உங்களிடமிருந்து ஒன்றும் விழவில்லை.

வண்டி நிற்கிறது. மோட்டலா? பத்து நிமிடமாம். இந்த மோட்டல் டீயை மனிதன் குடிப்பானா? நான் இறங்கவில்லை.

தம்பி, கொஞ்சம் இந்தப் பக்கம் வாருங்கள். அந்தத் தூணுக்குப் பக்கத்தில் பாருங்கள். ஊதாச் சேலை. அது மங்கைதானே? அந்தப் பக்கத்து சீட்டு அம்மாளிடம்... கையை எப்படி ஆட்டுகிறாள் பாருங்கள். பேசிக்கொண்டே இருக்கிறாள். அந்த அம்மாள் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள். தூணில் சாய்ந்துவிட்டாள். கண்ணைத் துடைக்கிறாள். மங்கை விடவில்லை, இன்னும் சொல்கிறாள். இவ்வளவு பேச்சு இத்தனை மாதமாக எங்கே இருந்தது?

இந்தக் கண்ணாடி திறக்காதா? ஏசி வண்டி. காசு அதிகம் கொடுத்து வாங்கிய சீட்டு, ஒரு சத்தம் உள்ளே வராது.

நான் இறங்கினால் நிறுத்திவிடுவாள். அது எனக்குத் தெரியும். ஏன் என்று கேட்காதீர்கள், தெரியும். நீங்கள் போங்கள், தம்பி. டீ குடிக்கிற மாதிரி பக்கத்தில் நின்று, என்ன சொல்கிறாள் என்று மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள். அந்தப் போனிலேயே எழுதிக்கொள்ளுங்கள், மறந்துவிடும். கடைசி வரியை மட்டும் அவள் சொன்ன மாதிரியே எழுதுங்கள், மாற்றிவிடாதீர்கள். டீ என் செலவு.

வந்துவிட்டீர்களா? என்ன, நீங்களும் சிரித்துக்கொண்டே வருகிறீர்கள்? காட்டுங்கள். எழுதவில்லையா? சொல்லுங்களேன் அப்போது.

சொல்ல மாட்டேன் என்றால்? அவளா வேண்டாம் என்றாள்? நான் அனுப்பினேன் என்று எப்படித் தெரியும் அவளுக்கு? நீங்கள் போய் நின்ற உடனே மேலே கண்ணாடியைப் பார்த்தாளா. சரி. டீக்கு எவ்வளவு ஆயிற்று? அவளே வாங்கிக் கொடுத்தாளா. சரி.

என்னைப் பற்றியா? அவ்வளவு நேரமும் என்னைப் பற்றித்தான் சொன்னாளா?

எனக்கு ஏதாவது சொல்லி அனுப்பினாளா?

"இது காரைக்குடிக்குச் சுமாராத்தான் இருக்கும்னு சொல்லுங்க."

காரைக்குடியா? நாளைக்குச் சென்னை அல்லவா? அவளுக்கு இதெல்லாம் எங்கே... இருங்கள். இருங்கள், தம்பி. வண்டியை எடுக்கிறார்கள், உட்காருங்கள். அதோ ஏறுகிறாள். இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

தம்பி, அதைச் சொல்லும்போது அவள் சிரித்தாளா? இல்லை, போனை உள்ளே வைத்துவிட்டேன், பாருங்கள். குறிப்புக்காக இல்லை. சும்மாதான் கேட்கிறேன்.